தரைக்கு இன்னும் எத்தனை அடி? விமானம் இறங்க உதவும் உயர சென்சாரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பெரிய விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது, விமானியின் அறையில் ஒரு இயந்திரக் குரல் எண்ணத் தொடங்கும்: ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே மிச்சமிருக்கும் உயரம் அது, அடிக் கணக்கில். பயணிகளுக்குக் கேட்காது. விமானிக்கு அதுதான் கடைசி நொடிகளின் துணை.

இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் சிறிய விமானங்கள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி கிடையாது. மாடல் விமானங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணளவில்தான் இறக்க வேண்டும். சரி, சங்கரன்கோவிலில் இருக்கும் ஒரு பொறியியல் மாணவர் இதே கருவியைச் சில ஆயிரம் ரூபாயில் செய்துவிட முடியுமா? முடியும். உயரத்தை அளப்பது ஒரு வார இறுதி வேலைதான். அளந்த எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்று கண்டுபிடிப்பதில்தான் பல மாதம் போகும்.

விமானத்தில் ஏற்கெனவே ஆல்டிமீட்டர் இருக்கே?

இருக்கு. ஆனால் அது தரையைப் பார்ப்பதில்லை, காற்றழுத்தத்தைப் பார்க்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும். கடல் மட்டத்துக்கு அருகில் சுமார் 8 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது கணக்கு.

சிக்கல் என்னவென்றால், விமானம் அசையாமல் நின்றாலும் அழுத்தம் மாறும். நம்மூர் போன்ற வெப்ப மண்டலத்தில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே மட்டும் அது ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். காலையில் சரிசெய்து வைத்த கருவியை அப்படியே விட்டால், மாலையில் 20 மீட்டருக்கும் அதிகமாகத் தப்புக் காட்டும். அதனால்தான் இறங்குவதற்கு முன் விமானிகள் அந்த நேரத்து அழுத்த அளவைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். அப்போதும் சில மீட்டர் பிழை மிஞ்சும். போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் உயரத்தில் சில மீட்டர் முன்னே பின்னே போகும்.

சிறிய விமானம் மூக்கை மெல்ல உயர்த்தி வேகத்தைக் குறைக்கத் தொடங்குவதே தரைக்கு மேல் 3 முதல் 6 மீட்டரில்தான். அந்த இடத்தில் சில மீட்டர் பிழை என்றால் அந்த எண்ணே வீண்.

பெரிய விமானம் என்ன செய்கிறது?

அதன் வயிற்றுப் பகுதியில் இருக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் கீழ்நோக்கி அலையை அனுப்பி, எதிரொலி திரும்பிவர ஆகும் நேரத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடும். இது 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. 5ஜி அலைவரிசை இதற்குப் பக்கத்தில் வந்ததால்தான் 2022 ஜனவரியில் அமெரிக்காவில் பெரிய சர்ச்சை எழுந்து, ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் சில விமானங்களை ரத்து செய்தன. அதே ஆண்டு நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டர் வரை 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 5ஜி கோபுரங்கள் வைக்க வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

அலைவரிசை வம்பே இல்லாத வழியும் உண்டு. 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கச் சென்ற பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள், இரவில் நீருக்கு மேல் சரியாக 60 அடி உயரத்தில் பறக்க வேண்டியிருந்தது. விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தினார்கள். இரண்டு ஒளி வட்டங்களும் நீர்மேல் ஒன்றாகச் சேர்ந்தால் 60 அடி. விலகினால் ஏறணும் அல்லது இறங்கணும். அவ்வளவுதான் கருவி!

நாம் என்ன வாங்கலாம்?

இரண்டு வகை எளிதில் கிடைக்கும்.

முதலாவது, அல்ட்ராசோனிக் சென்சார். கல்லூரி புராஜெக்ட்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த 'இரண்டு கண்' பலகை. விலை நூறு ரூபாய் அளவில். ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும். எட்டும் தூரம் அதிகபட்சம் 4 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்தில் மூக்கைத் தூக்கும் மாடல் விமானத்துக்கு இது போதும். ஆள் ஏறும் விமானத்துக்குப் போதாது. நொடிக்கு ஒன்றரை மீட்டர் இறங்கும் விமானத்துக்கு இது தரும் எச்சரிக்கை மூன்று நொடிகூட இல்லை. புரொப்பெல்லர் சத்தமும் காற்றும் அந்த எதிரொலியையும் கெடுக்கும்.

இரண்டாவது, லேசர் சென்சார். விலை சில ஆயிரம் ரூபாய். மாடலைப் பொறுத்து 12 மீட்டர், 40 மீட்டர் என்று எட்டும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு நானோ நொடி. அந்த நுணுக்கமான கணக்கை சென்சாரே பார்த்துக்கொள்ளும். நமக்கு எண் மட்டும் வந்து சேரும்.

இதோடு ஒரு ஆர்டுயினோ, ஒரு பஸ்ஸர் அல்லது சின்ன ஸ்பீக்கர், பதிவு செய்ய ஒரு மெமரி கார்டு. திரை தேவையில்லை. இறங்கும் நேரத்தில் விமானியின் கண் ஓடுபாதையில் இருக்கணும். கருவி காதோடுதான் பேசணும்.

எங்கே பொய் சொல்லும்?

சென்சார் பெட்டியில் '12 மீட்டர்' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெள்ளைச் சுவர் போன்ற பரப்புக்கு. கரிசல் மண்ணும் புதுத் தார்ச்சாலையும் ஒளியை விழுங்கிவிடும். எட்டும் தூரம் பாதிக்கும் கீழே போகலாம். அசையாத குளத்து நீர் கண்ணாடி மாதிரி ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும், எதிரொலியே வராது. உச்சி வெயிலும் லேசருக்கு எதிரி. புல்லின் மேல் பறந்தால் அது அளப்பது புல் நுனியையா, மண்ணையா என்பது நொடிக்கு நொடி மாறும்.

ஒலிக்கு வெப்பம் பிரச்சினை. 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 38 டிகிரியில் சுமார் 354. இணையத்தில் எடுத்த நிரலில் 343 என்று இருந்தால், சித்திரை வெயிலில் 3 மீட்டரை 2.9 மீட்டர் என்று காட்டும். ஒரு வெப்பநிலை சென்சார் சேர்த்தால் இது சரியாகிவிடும்.

விமானம் சாய்ந்தாலும் கணக்கு மாறும். 30 டிகிரி சாய்வில் சென்சார் பார்ப்பது சரிவான கோடு. 10 மீட்டரை 11.5 என்று சொல்லும். அதாவது, உண்மையில் இருப்பதைவிட உயரமாக இருக்கிறோம் என்று நம்ப வைக்கும். ஆபத்தான பக்கத்துப் பிழை இது.

எப்படிச் சோதிப்பது?

முதலில் மொட்டை மாடி. டேப்பால் அளந்த உயரத்தையும் சென்சார் சொல்வதையும் எழுதி ஒப்பிடுங்கள். பிறகு அதே உயரத்தில் தார், கரிசல், காய்ந்த புல், தண்ணீர் என ஒவ்வொன்றின் மேலும், மதியமும் மாலையும் பாருங்கள். ஐந்து அளவுகள் எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் திடீர்த் தப்புகள் பெரும்பாலும் போய்விடும். சக்கரத்துக்கு மேல் சென்சார் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கழிக்க மறக்க வேண்டாம். அதன் பிறகே மாடல் விமானம்.

இஸ்ரோவும் இதே வரிசையில்தான் போனது. சந்திரயான்-2 லேண்டருக்கான சென்சார்களை, கர்நாடகாவின் சள்ளகெரே அருகே செயற்கைப் பள்ளங்கள் வெட்டி, அவற்றின் மேல் சிறிய விமானத்தில் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். சந்திரயான்-3 சென்சார்களை ஹெலிகாப்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய அந்த லேண்டரில் லேசர், ரேடியோ என இரண்டு வகை ஆல்டிமீட்டரும் இருந்தன. ஒன்று தடுமாறினால் இன்னொன்று.

ஒற்றை எண்ணை நம்பினால்?

2009 பிப்ரவரி 25. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது துருக்கி ஏர்லைன்ஸின் போயிங் 737. உயரம் சுமார் 2,000 அடி. இடது ரேடியோ ஆல்டிமீட்டரோ மைனஸ் 8 அடி என்றது. தரையைத் தொடும் நேரம் வந்துவிட்டதாக எடுத்துக்கொண்ட தானியங்கி, இன்ஜின் விசையைக் குறைத்தது. வேகம் சரிவதை விமானிகள் கவனிக்கும்போது நேரம் கடந்திருந்தது. ஓடுபாதைக்கு முன்பே வயலில் விழுந்த விபத்தில் 9 பேர் உயிரிழந்தார்கள்.

சான்றிதழ் பெற்ற கருவிக்கே இந்த நிலை என்றால், வீட்டில் செய்ததற்கு இரண்டு விதிகள் கட்டாயம். ஒன்று, அது பேசலாம். விமானத்தின் கட்டுப்பாட்டைத் தொடக்கூடாது. இரண்டு, எதிரொலி வராதபோது பழைய எண்ணையே திரும்பச் சொல்லக்கூடாது. 'அளவு இல்லை' என்பதற்குத் தனியாக ஒரு ஒலி இருக்கணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. உங்கள் இடம் எந்த மண்டலம் என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். ஆடித்தபசுக் கூட்டத்துக்கு மேல் சோதனை என்ற எண்ணமே வேண்டாம். காலியான புஞ்சைக் காடுதான் சரியான இடம். ஆள் ஏறும் விமானத்தில் எதையும் நிரந்தரமாகப் பொருத்த, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள்படி ஒப்புதல் வேண்டும்.

செய்து முடித்ததும் நண்பர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு துல்லியம்?" என்றுதான் இருக்கும். மெமரி கார்டில் பதிவான நூறு தரையிறக்கங்களைத் திறந்து, கருவி எத்தனை முறை தவறாகப் பேசியது, எத்தனை முறை சரியாக வாய் மூடிக்கொண்டது என்று எண்ணிக் காட்டுங்கள். அதுதான் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில்.