தேக்கு மட்டும்தானா மரம்?

கட்டில், பீரோ, கதவு என்று எது செய்தாலும் "தேக்குத்தானே?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆனாலும் இந்தக் கேள்வி மட்டும் நம்முடனேயே வருகிறது. தில்லி கீர்த்தி நகர்க் கடைகளில் இதைக் கேட்டு, விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றுவதும் வழக்கம்தான்.

பர்மா தேக்குக்குத் தனி மவுசு உண்டு. ஆனால் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியை மியான்மர் நிறுத்திவிட்டது. நம் நாட்டிலோ, நீலகிரி கூடலூர்க் காடுகளைப் பற்றி எழுந்த கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு காட்டில் மரம் வெட்டுவது முன்போல் எளிதன்று. அரிய மரம் கைக்கு எட்டாமல் போகவே, எளிய மரத்தின் பக்கம் பார்வை திரும்பியது. இன்றைய மர வேலையின் புதுமைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

யமுனாநகர், சஹாரன்பூர் பக்கம் ரயிலில் போனவர்கள் பார்த்திருக்கலாம். கோதுமை வயலுக்கு நடுவே, அணிவகுப்புச் சிப்பாய்களைப் போல வரிசையாக நெட்டை மரங்கள் நிற்கும். அவைதாம் பாப்லர். தீப்பெட்டி செய்துவந்த விம்கோ கம்பெனி 1980களில் விவசாயிகளை ஊக்குவித்து நடச் செய்த மரம். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்துவிடுவதால் கோதுமைக்கு வெயில் குறைவதில்லை. ஆறிலிருந்து எட்டு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும். லேசான, மென்மையான மரம். நம் ஊர் ஆசாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அடுப்புக்கு ஆகும் என்று சொல்லக்கூடும். யமுனாநகர் ஆலைகளிலோ கட்டையைச் சுழலவிட்டு, நீளக் கத்தியால் பென்சில் சீவுவது போலத் தாள் தாளாக உரிக்கிறார்கள். அந்தத் தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசையிட்டுச் சூட்டில் அழுத்தினால் பிளைவுட் ஆகிறது.

குறுக்கும் நெடுக்கும் என்பதில்தான் சூட்சுமம். மழைக்காலத்தில் கதவு உப்பி, சாத்த முடியாமல் இறுகுகிறது அல்லவா? மரம் நாருக்குக் குறுக்கேதான் அப்படி உப்பும். நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஒரு தாளின் நாரை அடுத்த தாளின் நார் குறுக்கே பிடித்துக்கொள்வதால், உப்பவும் முடியாது, எளிதில் பிளக்கவும் முடியாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக்காகச் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் கால் முறிந்தவர்களுக்குக் கட்டும் பட்டையை வளைந்த பிளைவுட்டில் செய்தார்கள். அதே வித்தையில் பிறகு நாற்காலி செய்து புகழ் பெற்றார்கள்.

தாளுக்குப் பதில் பலகைகளையே இப்படிக் குறுக்கு நெடுக்காக ஒட்டினால் என்ன? 1990களில் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் அதைச் செய்து காட்டின. இன்று சுவரும் தளமும் அதிலேயே வருகின்றன. தூணும் உத்தரமும், பலகைகளை ஒரே திசையில் ஒட்டிச் செய்யப்படுகின்றன. நார்வேயில் 2019இல் எழுந்த மியோஸ்டோர்னெட் கட்டடம் 18 மாடி, 85.4 மீட்டர் உயரம். வேடிக்கை என்னவென்றால், மரம் மிகவும் லேசாக இருந்து காற்றில் ஆடுமே என்று மேல் மாடிகளுக்குக் கனத்துக்காகவே கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள்! 2022இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 25 மாடிக் கட்டடம் ஒன்று இதையும் மிஞ்சியது. அதிலும் அடித்தளமும் லிஃப்ட் கூடும் கான்கிரீட்தான்.

தீப்பிடித்தால்? பருத்த உத்தரத்தின் மேல்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் வீதம் கரியாகும். ஒரு மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர். அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குக் கவசம். எவ்வளவு கரியும் என்று கணக்கிட்டு அந்த அளவு பருமனைக் கூட்டியே வைக்கிறார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்தபின் வெட்டப்படும் அந்த மரம், ஒரு காலத்தில் விறகுக்கும் பெட்டிக்கும்தான் போயிற்று. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அந்தத் தொல்லை நீங்குகிறது. துண்டு துண்டாகக் கிடைப்பதை, இரு கை விரல்களைக் கோப்பது போல முனைகளைப் பல்லாக வெட்டி ஒட்டி, நீளப் பலகை ஆக்குகிறார்கள். சாப்பாட்டு மேஜைக்கு அருமையான மரம்.

காட்டைக் காக்க வேண்டி, 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. 2020இல்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் இரும்பும் அலுமினியமும் இடம் பிடித்துக்கொண்டன. வயலில் மரம் வளர்த்தவனுக்கு அதனால் என்ன லாபம்? 2000களின் தொடக்கத்தில் பாப்லர் விலை சரிந்தபோது, பலர் மரத்தை வெட்டிவிட்டு மறுபடி நடவில்லை. வாங்குபவர் இருந்தால்தான் நடுபவர் இருப்பார்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது "தேக்கா?" என்று கேட்பதற்கு முன், பிளைவுட்டின் ஓரத்தைப் பாருங்கள். தாள்களுக்கு இடையே சந்து தெரிந்தால் வேண்டாம். சமையலறைத் தொட்டிக்குக் கீழே என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதையே கேளுங்கள். ரப்பர் மரச் சாமானை வீட்டுக்குள் தாராளமாகப் போடலாம். பால்கனியில் மட்டும் வைக்க வேண்டாம். மழையில் நனைந்து நனைந்து அந்தப் போரான் கரைந்து போய்விடும்.