சாலையில் இறந்த ஆமையின் வயது

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், கேப் மே தீபகற்பத்தை ஒட்டி உவர் சதுப்பு நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கே வாழும் டைமண்ட்பேக் டெராபின் என்ற ஆமை ஜூன், ஜூலை மாதங்களில் முட்டையிட மேட்டு மணலைத் தேடிக் கரையேறும். பழைய மணல்மேடுகளில் இப்போது வீடுகள் நிற்கின்றன. மிஞ்சியிருக்கும் மேடு, சதுப்பின் நடுவே மண் கொட்டி உயர்த்திய சாலைதான். அதன் ஓரத்தில் குழி பறிக்க வரும் பெண் ஆமைகள் வண்டிகளில் அடிபட்டுச் சாகின்றன. 1989 முதல் 1995 வரை மட்டும் இப்படி இறந்தவை 4,000-க்கும் மேல்.

அந்த உடல்களைச் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது முட்டைகளை. அதே பகுதியில் ஸ்டோன் ஹார்பர் என்ற ஊரில் உள்ள வெட்லண்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, நசுங்கிய ஆமைகளின் வயிற்றில் உடையாமல் தப்பிய முட்டைகளை 1989 முதல் எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சதுப்பில் விட ஏற்பாடு செய்துவருகிறது. முட்டை போன பிறகும் வளர்ச்சியை ஆராய்பவர்களுக்கு அந்த உடலில் ஒன்று மிச்சமிருக்கிறது: எலும்பு.

ஓட்டைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஓட்டுத் தகடுகளில் வளையங்கள் உண்டு. இளம் ஆமையில் அவை ஓரளவு உதவும். பருவம் வந்த பின் வளர்ச்சி மெதுவாகி வளையங்கள் நெருங்கிவிடும், உரசித் தேய்ந்தும் போகும். எலும்புக்குள் அந்தத் தேய்மானம் இல்லை. குளிர்காலத்தில் டெராபின் சேற்றில் புதைந்து உறங்கும்போது எலும்பின் வளர்ச்சியும் நிற்கும். நின்ற இடம் கோடாகப் பதியும். முன்னங்காலின் மேல் எலும்பை நடுவில் குறுக்காக மிக மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அந்தக் கோடுகளை எண்ணலாம். இடைவெளிகளை அளந்து, மூன்று வயதில் ஓட்டின் நீளம் எவ்வளவு, ஐந்து வயதில் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். வயதாக ஆக எலும்பின் உட்பகுதி கரைந்து, குட்டிப் பருவத்துக் கோடுகள் அழிந்துபோகும். சிறிய ஆமைகளின் எலும்போடு ஒப்பிட்டுத்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும்.

உயிருள்ள ஆமையிலிருந்து இந்த எலும்பை எடுக்க வழியில்லை. வயதை அறிவதற்காக ஓர் ஆமையைக் கொல்வதை என்னால் ஏற்க முடியாது. சாலையில் கிடப்பதை எடுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

வளர்ச்சிக் கணக்கு தெரிந்தால்தான் ஓர் இழப்பின் அளவு புரியும். பெண் டெராபின் முட்டையிடும் பருவத்தை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். வழக்கமான இறப்புக்கு மேல் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் கூடுதலாகச் செத்தாலே பெரும்பாலான ஆமை இனங்களால் தாங்க முடியாது என்று கிப்ஸ், ஷ்ரைவர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் எழுதினார்கள். சாலையில் சாவதோ பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய்கள்.

ஆய்வுக்கும் அதுவே சிக்கல். உருவில் சிறிய ஆண்கள் முட்டையிடக் கரையேறுவதில்லை; ஆகவே சாலையில் கிடைப்பதை மட்டும் வைத்து ஓர் இனத்தின் வளர்ச்சியை எழுதிவிட முடியாது. ஓடைகளில் பொறி வைத்து ஆண்களையும் குட்டிகளையும் பிடித்து, அளந்து, ஓட்டின் விளிம்பில் அடையாளம் இட்டு விடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஆமை மறுபடி சிக்கினால், இடையில் எவ்வளவு வளர்ந்தது என்பது நேரடியாகத் தெரியும். எலும்புக் கணக்கையும் அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.