உழுது காட்டும் அருங்காட்சியகம்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளும் "தொடாதீர்" என்ற அறிவிப்புப் பலகையும்தாம் நம் நினைவுக்கு வரும். பேழைக்குள் கலப்பையை வைத்துவிடலாம். உழவை எப்படி வைப்பது? இவ்வினாவுக்கு விடையாகத் தோன்றியவையே 'வாழும் வரலாற்று அருங்காட்சியகங்கள்'. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியுஸ் என்பார் 1891இல் திறந்த ஸ்கான்சென் இவற்றுக்கு முன்னோடி. பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து திறந்தவெளியில் நிறுத்தியவர் அவர்.

இவ்வகையில் நான் விரும்பிப் படித்தறிந்தது, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெ மாயின் நகரையடுத்துள்ள 'லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்'. வேளாண் பொருளியல் பேராசிரியர் வில்லியம் மர்ரே 1970இல் இதனைத் தோற்றுவித்தார். 1700, 1850, 1900 ஆகிய மூன்று காலத்துப் பண்ணைகளும் 1876ஆம் ஆண்டுச் சிற்றூர் ஒன்றும் இங்கே உள்ளன. அந்தந்தக் காலத்து உடையணிந்த பணியாளர்கள் வெறுமனே வேடமிட்டு நிற்பதில்லை. விறகடுப்பில் சமைக்கிறார்கள், கொல்லர் இரும்பைக் காய்ச்சி அடிக்கிறார், 1900ஆம் ஆண்டுப் பண்ணையில் கனத்த குதிரைகள் ஏர் இழுக்கின்றன.

1850ஆம் ஆண்டுப் பண்ணையில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசையும் எருதுகளும் உண்டு. அந்த எருதுகளுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. "ஜீ" என்றால் வலப்பக்கம், "ஹா" என்றால் இடப்பக்கம் திரும்பும். இதைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். ஏர்மாடுகளை விற்று, வாடகை டிராக்டரால் உழத் தொடங்கியபின் அவர் மாடுகளை அதட்டிய சொற்கள் எங்கள் வீட்டில் கேட்பதில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு ஏர் பூட்டத் தெரியாது. அயோவாவிலோ அதைச் சம்பளம் கொடுத்துக் கற்க வைக்கிறார்கள்!

தாவரவியல் மாணவனான என்னைப் பெரிதும் கவர்ந்தது 1700ஆம் ஆண்டு அயோவே பழங்குடியினரின் பண்ணையே. மக்காச்சோளத் தட்டையில் அவரை படரும். பூசணியின் இலைகள் நிலத்தை மூடிக் களையைத் தடுக்கும். அவரையின் வேர்முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கும். ஏருமில்லை, எருதுமில்லை. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பே களைக்கொட்டு. பிரெய்ரிப் புல்லின் வேர்கள் ஆளுயரத்துக்கும் கீழே இறங்கிப் பின்னிக் கிடப்பவை. அக்கொட்டு அங்கே எடுபடாது. ஆகவே ஆற்றோரத்து இளகிய மண்ணிலேயே பயிரிட்டார்கள், புல்வெளி தப்பியது.

1830களில் ஒப்பந்தங்களின் பெயரால் அம்மக்கள் மேற்கே அனுப்பப்பட்டனர். குடியேறிகளின் பெருமை பேச எழுந்த இடங்கள் பலவும் இதனை மறைத்துவிடும். இங்கு அவர்களின் பண்ணையை முதலாவதாக வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

பின்வந்தோரின் வார்ப்பிரும்புக் கலப்பையில் பிரெய்ரியின் கரிய மண் அப்பிக்கொண்டது. சில அடிக்கு ஒருமுறை நின்று அதைச் சுரண்ட வேண்டியிருந்தது. இல்லினாய் மாநிலத்துக் கொல்லர் ஜான் டீர் 1837இல் வழவழப்பான எஃகுத் தகட்டால் கலப்பை செய்தார். மண் வழுக்கி விழுந்தது. அதன்பின் புல்வெளிக்குத் தடுப்பேது? அயோவாவின் உயர்புல் பிரெய்ரியில் இன்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதிலும் ஒரு பகுதி, கலப்பை நுழையாத இரயில் பாதையோரங்களிலும் குடியேறிகளின் பழைய கல்லறைத் தோட்டங்களிலும்தான் நிற்கிறது.