பிள்ளைகளின் உறக்கம் இஷாவோடு தொடங்கட்டும்

உறக்கத்தை இளைப்பாறுதலாகவும் இரவை ஆடையாகவும் ஆக்கியிருப்பதை அந்நபா அத்தியாயத்தில் (78:9,10) அல்லாஹ் நினைவூட்டுகின்றான். நம் வீடுகளிலோ இரவு 11 மணிக்கும் பிள்ளைகள் விழித்திருக்கின்றனர்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் இதற்கொரு காரணம், அத்தாவின் தாமதமான வருகை. பாரிமுனையில் கடையடைத்து மின்சார ரயிலில் வந்துசேர 10 மணியாகிவிடுகிறது. அவர் முகம் பார்க்கவே பிள்ளை காத்திருக்கிறது. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலை 7 மணிக்கு ஸ்கூல் வேன் வந்துவிடுமே!

3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019).

இஷாவுக்குப் பின் வீண் பேச்சை வெறுத்த நபி (ஸல்) அவர்கள், உறங்கும்போது விளக்கை அணைக்கவும் சொன்னார்கள். இரவு வெளிச்சம், உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது என்கிறது மருத்துவம். எனவே,

* மக்ரிபுக்குப் பின் பிள்ளைகளிடம் செல்போன் வேண்டாம்.
* இரவு உணவை 7.30 மணிக்குள் முடிப்போம்.
* விளக்கைக் குறைத்து, உறங்கும்போது ஓதும் துஆவைச் சேர்ந்து ஓதுவோம்.
* விடுமுறையிலும் அதே நேரத்தில் படுக்க வைப்போம்.

அத்தாமார்களே! பிள்ளையோடு கொஞ்சும் நேரத்தை ஃபஜ்ருக்குப் பின் மாற்றிக்கொள்ளுங்கள். நேரத்தோடு உறங்கிய பிள்ளை, சிரித்த முகத்துடன் எழுந்து உங்களிடம் வரும், இன்ஷா அல்லாஹ்.