வடைக்குள் எண்ணெய் நுழைவது எப்போது?

குன்றத்தூருக்குப் பக்கத்தில் உள்ள திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. இப்படிப்பட்ட பேட்டைகளில் ஓடும் கம்ப்ரஸர் போன்ற இயந்திரங்களுக்கு ஒரு விதி உண்டு. எண்ணெய் இத்தனை மணி நேரம் உழைத்தபின் அதை மாற்றிவிட வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். மாற்றாவிட்டால் இயந்திரம் தேய்ந்துபோகும். மாலையில் டீக்கடையில் வடை வாங்கும்போது, வாணலியில் கொதிக்கும் எண்ணெய் எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்று நாம் கேட்கிறோமா? இயந்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதை நம் வயிற்றுக்குக் கிடைப்பதில்லை!

முதலில் வடை வேகும் விதத்தைப் பார்ப்போம். வாணலியில் எண்ணெயின் வெப்பநிலை ஏறக்குறைய 170 முதல் 180 டிகிரி செல்சியஸ். நீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும் அல்லவா? அதனால் மாவை எண்ணெயில் போட்டதும் அதிலுள்ள நீர் ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியேறுகிறது. வடையைச் சுற்றிக் குமிழிகள் எழுவது இதனால்தான். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே அதிகமாக நுழைய முடியாது.

அப்படியானால் கையில் ஒட்டும் அவ்வளவு எண்ணெயும் எப்போது உள்ளே போயிற்று? பெரும்பகுதி, வடையை வெளியே எடுத்த பிறகுதான்! வெந்நீரை ஒரு பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு உடனே மூடி வையுங்கள். ஆற ஆறப் புட்டி ஒடுங்கும். உள்ளே இருந்த ஆவி நீராகி, அழுத்தம் குறைவதே காரணம். ஆறும் வடையின் நுண்துளைகளிலும் இதுவே நடக்கிறது. ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைந்ததும், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆகவே எடுத்த கையோடு ஜல்லிக் கரண்டியில் நன்றாக வடியவிட்ட வடைக்கும், எண்ணெய் சொட்டச் சொட்டத் தாம்பாளத்தில் குவித்த வடைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. கடைக்காரர் எப்படி எடுக்கிறார் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

பண்டத்தின் வடிவமும் முக்கியம். எடைக்கு ஏற்ற மேற்பரப்பு கூடினால் எண்ணெயும் கூடும். மெல்லிய உருளைக்கிழங்கு சிப்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரிதான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் நான்கரை கிராம் என்றால், அது 40 கலோரி. பூரி செட்டுக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி பழைய எண்ணெயின் கதை. எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது. மாவிலிருந்து வரும் நீராவி அதைப் பிளக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதைத் தாக்குகிறது. வெப்பத்தால் சில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து எண்ணெய் கெட்டியாகிறது. கெட்டியான எண்ணெய் எளிதில் வடியாது, வடையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆக, கெட்ட எண்ணெய்தான் அதிகமாகவும் உள்ளே போகிறது! இப்படி உருவாகும் பொருள்களை மொத்த முனைவுச் சேர்மங்கள் என்பார்கள். இரத்த அழுத்தம், இரத்தக் குழாய்த் தடிப்பு, கல்லீரல் நோய் ஆகியவற்றோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கூறுகிறது. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சதவீதத்தை அளக்க அதிகாரிகளிடம் கருவி உண்டு. நமக்குக் கண்ணும் மூக்கும் போதும். நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரிதாக எழுந்து உடனே உடையும். பழையதில் நுரை பொங்கி, அடங்காமல் நிற்கும். சிறிது சூடானதுமே புகையும், காரல் வாடை அடிக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மிளகாய்த்தூளும் எண்ணெயைச் சிவக்க வைக்கும். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் கேடு நீர்க்குமே தவிர நீங்காது.

இட்லி, இடியாப்பம், ஆப்பம் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆவி 100 டிகிரிக்கு மேல் போவதில்லை. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலத்தை உளுந்து ஈடுசெய்கிறது என்பதும் இட்லிக்கு ஒரு கூடுதல் பெருமை. ஆனால் அதே இட்லியை எண்ணெயில் புரட்டிப் பொடி இட்லியாக வாங்கினால் கணக்கு மாறிவிடும். தோசையை 'எண்ணெய் கம்மியா, அண்ணே' என்று கேட்டு வாங்கலாம்; யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வடை ஆசையா? இரண்டு இட்லியுடன் ஒரு வடை போதும். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மட்டும் மாலையில் தொடாதீர்கள்; வெளியில் வைத்த சட்னியில் பாக்டீரியா விரைவாகப் பெருகும்.

வடையைச் செய்தித்தாளில் மடித்துத் தந்தால் மறுத்துவிடுங்கள். அச்சு மை உணவில் கலக்கும் என்பதால் 2018-ஆம் ஆண்டின் விதிகள் அதைத் தடை செய்கின்றன.

கழித்த எண்ணெய் என்ன ஆகும்? அதைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் ஆணையம் 2018-இல் தொடங்கியது. மெத்தனாலுடன் வினைபுரியச் செய்தால் கிளிசரால் தனியே பிரிந்துவிடும், மீதி எரிபொருளாகும். வடை சுட்ட எண்ணெய் லாரி என்ஜினில் எரியலாம்.