கை இறுக்கத்துக்கு ஓர் அளவுகோல்

ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமோ. எதையும் அளந்து பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். அந்தக் குணத்தால் என் வீட்டில் ஒரு தவறு செய்தேன். நம் சங்கத்து அன்பர்கள் யாரும் அதைச் செய்துவிடக் கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. இங்கே மலையாளத்தில் இதைத் தளர்வாதம் என்கிறார்கள். முதலில் கை தளர்ந்துதான் கிடந்தது. சில வாரங்களில் மடங்கி இறுக ஆரம்பித்தது. கலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், நோட்டில் ‘முழங்கை 2’ என்று எழுதினார். அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

1964-ல் ஆஷ்வொர்த் என்ற மருத்துவர் வகுத்த அளவுகோல் அது. 1987-ல் பொஹானன், ஸ்மித் இருவரும் திருத்தினார்கள். நோயாளி தளர்வாகப் படுத்திருக்க, மடங்கிய முழங்கையைச் சுமார் ஒரு நொடியில் நீட்டிப் பார்க்க வேண்டும். கூடுதல் இறுக்கம் இல்லை என்றால் 0. லேசாகப் பிடித்து விட்டால் 1. பிடித்தபின், மொத்தத் தூரத்தில் பாதிக்கும் குறைவான மீதித் தூரம் முழுவதும் மெல்லிய எதிர்ப்பு இருந்தால் 1+. பெரும்பாலான தூரமும் இறுக்கம், ஆனால் சுலபமாக அசைகிறது என்றால் 2. அசைப்பதே கடினம் என்றால் 3. விறைத்து நின்றுவிட்டால் 4. கருவி எதுவும் வேண்டாம். சோதிப்பவரின் கைதான் கருவி.

கருவி வேண்டாம் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. தினமும் காலையில் கையை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, காலண்டரில் எண் குறித்தேன். ஒரு நாள் 2, மறுநாள் 3. பத்தாம் நாள் என்னைக் கண்டதுமே அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தோளில் வலி. பேச்சு வராததால் சொல்ல முடியவில்லை.

“சாரே, வேகமா இழுத்தா கை எதிர்க்கத்தான் செய்யும்” என்றார் அந்தப் பெண்.

அப்போதுதான் உறைத்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் போகியில் ஸ்பிரிங்கும் உண்டு, எண்ணெய் டேஷ்பாட்டும் உண்டு. ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு எதிர்க்கும். டேஷ்பாட் மெல்ல அழுத்தினால் வழிவிடும், வேகமாக அழுத்தினால் முரண்டு பிடிக்கும். பக்கவாத இறுக்கமும் அப்படியே. மூளையின் கட்டுப்பாடு குறைந்ததால், தசை வேகமாக நீளும்போது அனிச்சையாகச் சுருங்குகிறது. 1980-ல் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தந்த விளக்கத்தின் சாரம் இது.

டார்டியூ முறையில் மெல்ல ஒரு முறையும் வேகமாக ஒரு முறையும் நீட்டி, இரண்டு கோணங்களைக் குறிப்பார்கள். இடைவெளி அதிகம் என்றால் அனிச்சை இறுக்கம். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால் தசையே குறுகிவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால்தான் பழகிய ஒருவரே, அதே நேரத்தில், அதே நிலையில் படுக்கவைத்து அளக்க வேண்டும்.

நம் கொச்சியில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-ல் உருவாக அவரே காரணம். எது போனது என்பதைவிட, இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தவர்.

நானும் இப்போது அதைத்தான் பார்க்கிறேன். உள்ளங்கையைத் திறந்து கழுவ முடிகிறதா? நகம் வெட்ட முடிகிறதா? ரவிக்கைக் கை சுலபமாக நுழைகிறதா? இறுக்கம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கிறேன். இறுக்கம் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரையை நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

காலையில் அவள் கையை எடுத்து, மெல்ல, மிக மெல்ல நீட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வதில்லை.