சந்தைக்கும் கத்திக்கும் இடையில்

வியாழக்கிழமை விடிகாலையில் வடமதுரையில் பஸ் ஏறினால், அய்யலூர் சந்தை சூடாக இருக்கும்போதே போய்ச் சேரலாம். தீபாவளி, பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் கால் வைக்க இடமிருக்காது. விலை முடிந்த வெள்ளாட்டைக் காதும் பின்னங்காலுமாகப் பிடித்துத் தூக்கிக் குட்டியானைக்குள் போடுகிறார்கள். நாட்டுக்கோழிகள் கால் கட்டப்பட்டு டூவீலர் ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கிப் போகின்றன. 'ஏண்ணே இப்படி?' என்று கேட்டேன். 'அறுக்கப் போறதுதானே தம்பி, அதுக்கென்ன சொகுசு?' என்றார் வியாபாரி.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆடு இன்னும் சாகவில்லை; ஆனால் மொழிக்குள் அது ஏற்கெனவே கறி. நம்முடைய ஜீவகாருண்யச் சொல்லாடல் இதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். உண்மையில் அதுவும் கத்தியை மட்டும்தான் பார்க்கிறது: கொல்லலாமா, கூடாதா? இடையில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இரண்டு பேச்சிலும் விடுபட்டுப் போகிறது. தாகமும் நெரிசலும் எலும்பு முறிவும் அங்கேதான்.

சட்டத்தில் இல்லாமல் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சியாக 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. துன்பம் உண்டாகும்படி ஏற்றிச் செல்வது குற்றம். அதற்கு அது வைத்த அபராதம் முதல் முறைக்கு 10 முதல் 50 ரூபாய். ஒரு லாரியில் எத்தனை உருப்படி ஏற்றலாம் என்று 1978 விதிகள் எண்ணிக்கை சொல்லின. ஒரு பிராணி பார்க்க இன்னொன்றை அறுக்கக் கூடாது என்றன 2001 விதிகள். (இஸ்லாமிய அறுப்பு நெறி இதை எப்போதோ சொல்லிவிட்டது, கத்தியைக்கூட அதன் கண்முன் தீட்டாதே என்கிறது. ஹலால் என்றாலே கொடூரம் என்று எழுதுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.) தாளில் இருக்கும் இதெல்லாம் ரோட்டுக்கு வரும்போது மாமூலாக மாறிவிடுகிறது. ஆட்டுக்கு அதனால் ஒரு சாண் இடம்கூடக் கூடுவதில்லை.

கோயில் பலியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1950இலேயே உண்டு. 2003இல் அதைத் தூசு தட்டி அமல்படுத்தச் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி 2004இல் வாபஸ் ஆனது. கிடாவெட்டில் மஞ்சத்தண்ணி ஊற்றி, ஆடு உடம்பைச் சிலுப்பும் வரை காத்திருப்பார்கள். அது சம்மதமா, குளிரா என்ற விவாதம் இருக்கட்டும்; காத்திருக்கிறார்களே! லாரியில் யாரும் காத்திருப்பதில்லை. அரசின் கண் பட்டதோ முனியாண்டி கோயில் வாசலில். பிறகு 2017 மே மாதத்தில், அதே வதைத் தடுப்பின் பெயரால், சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. வதை என்ற சொல் அங்கே யாருடைய சோற்றில் கைவைத்தது என்பது இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குத் தெரியும். அதனாலேயே நம் தோழர்கள் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிக்கொள்கிறார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் சொல்லை அவர்களிடமே விட்டுவிட்டால் ஆட்டைப் பற்றிப் பேச நமக்கு மொழியே இல்லை.

உடலிலிருந்து தொடங்கலாம். மிரண்டு, தண்ணியில்லாமல், வெகுநேரம் நின்று வந்த பிராணியின் தசையில் கிளைகோஜன் தீர்ந்துவிடுகிறது. அறுத்த பிறகு போதிய லாக்டிக் அமிலம் ஊறாது. கறி கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் மாடு போகும் வழியிலேயே நடந்து, அதன் கண் உயரத்திலிருந்து பார்த்தார். தரையில் விழும் நிழல், கம்பியில் தொங்கும் சட்டை, ஈரத்தில் பளபளக்கும் வெளிச்சம் இவைதான் அதை நிறுத்துகின்றன என்று கண்டுபிடித்தார். அடிப்பதற்குப் பதில் அவற்றை அப்புறப்படுத்தினால் போதும், மாடு தானே நடக்கும். முதல் ஆடு நடந்தால் பின்னாலேயே மந்தை நடக்கும் என்பது நம்ம ஊர் கீதாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று ஒரு டிரைவர் மட்டும் வண்டித் தரையில் மணல் பரப்பிக்கொண்டிருந்தார். ஏன் என்றேன். 'தகரம் வழுக்குதுல்ல, கால் ஒடிஞ்சா அரை விலைக்குக்கூடப் போகாது' என்றார். கருணை அல்ல, கணக்கு. இருக்கட்டும்.

சந்தையை ஏலம் விட்டு, தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குவது உள்ளாட்சி அமைப்புகள். கேட்க வேண்டியது அவர்களிடம்தான்: வண்டித் தளத்தின் உயரத்துக்கு ஒரு மண்சரிவு, ஒரு தண்ணித்தொட்டி, நிழலுக்கு ஒரு கொட்டகை. இருபது ஆடு வாங்கிப் போகிற சில்லறை வியாபாரியின் தலையில் இந்தச் செலவைக் கட்டக் கூடாது.